தேவசகாயமும் அச்சத்தின் சாதியும்

2022-ஆம் ஆண்டு மே 15 அன்று உரோமையின் தூய பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் பத்துப் பேரைப் புனிதர்களாக அறிவித்தார். அவர்களுள் ஒருவர் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டர். திருமுழுக்குக்குப் பின் தேவசகாயம். குருவாகவோ துறவியாகவோ இல்லாத இந்தியர் ஒருவர் புனிதராக அறிவிக்கப்பட்டது அதுவே முதன்முறை. மறுநாள் நாளிதழ்கள் அவரை அஞ்சாத மறைசாட்சி என்று எழுதின. அவர் அஞ்சினார் என்பதையும், எதற்கு அஞ்சினார் என்பதையும், அந்த அச்சத்தைக் கடந்தபோது எந்தக் கோட்டைத் தாண்டினார் என்பதையும் எழுதியவர் மிகச் சிலர்.

ஆதிக்கச் சாதியில் பிறந்த அரண்மனை அலுவலர் ஒருவரின் வாழ்க்கை இந்தப் பக்கங்களில் ஏன் இடம்பெற வேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். எங்களுக்குள்ளும் அந்தக் கேள்வி எழுந்தது. சான்றிதழ் வழக்குகளுக்காக எங்களிடம் வரும் இளைஞர்கள் பலர் தங்கள் வீட்டில் தொங்கும் சிலுவையைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். அந்தத் தாழ்ந்த குரலைக் கேட்டுக்கொண்டே இருப்பதால்தான் தேவசகாயத்தை மீண்டும் படிக்கத் தொடங்கினோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் விவரங்களில் பெரும்பகுதி திருச்சபைப் பதிவுகளிலிருந்தும் நாஞ்சில் நாட்டு வாய்மொழி மரபிலிருந்தும் வருவது. அவர் கொல்லப்பட்டது சமயத்துக்காக அல்ல, அரச துரோகத்துக்காகவே என்று வாதிடும் திருவிதாங்கூர் வரலாற்றாசிரியர்கள் உண்டு. அந்த வாதத்துக்குப் பின்னர் வருவோம்.

நட்டாலத்து நீலகண்டர் வசதியான நாயர் குடும்பத்தவர். தந்தை நம்பூதிரி என்றும், மருமக்கள்தாய முறைப்படி தாய்வீட்டிலேயே வளர்ந்தார் என்றும் வரலாறு கூறுகிறது. வடமொழியும் தமிழும் மலையாளமும் கற்றார், போர்க்கலை பயின்றார். பத்மநாபபுரத்து நீலகண்டசுவாமி கோவிலிலும் பின்னர் அரண்மனையிலும் அலுவல் பார்த்தார். மன்னர் மார்த்தாண்ட வர்மா எட்டுவீட்டுப் பிள்ளைமாரை ஒடுக்கி, சிற்றரசுகளை ஒவ்வொன்றாக விழுங்கிப் புதிய திருவிதாங்கூரை உருவாக்கிக்கொண்டிருந்த காலம் அது. அத்தகைய அரசில் அலுவலராக இருப்பது பெருமை; அதே அளவுக்கு ஆபத்தும்கூட.

அந்தச் சமூகத்தின் அடித்தளத்தை மறந்துவிட்டு அவரது கதையைப் படிக்க இயலாது. புலையரும் பறையரும் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள், அடகு வைக்கப்பட்டார்கள், சீதனமாகக் கொடுக்கப்பட்டார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான். தேவசகாயம் இறந்து ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு. ஒருவர் இன்னொருவரிடமிருந்து எத்தனை அடி விலகி நிற்க வேண்டும் என்பது சாதிக்குச் சாதி வகுக்கப்பட்டிருந்தது. நாடாரும் முக்குவரும்கூட அந்த அளவுகோலுக்குத் தப்பவில்லை. சாலையில் நடப்பவர் தம் வருகையைக் கூவி அறிவிக்க, எதிரே வருபவர் வயலில் இறங்கி ஒளிந்துகொள்ள வேண்டிய நாடு அது. அதில் கூவி நடக்கும் உரிமை பெற்றவர்களுள் ஒருவராகவே நீலகண்டர் பிறந்தார்.

1741-இல் குளச்சல் போரில் டச்சுக்காரர்கள் தோற்றனர். சிறைப்பட்டவர்களுள் யூஸ்தாக்கியஸ் டிலனாய் என்ற படையதிகாரியும் இருந்தார். அவரது திறனை அறிந்த மன்னர் அவரைத் தம் படையைப் பயிற்றுவிக்க அமர்த்திக்கொண்டார். உதயகிரிக் கோட்டையில் அவருடைய கல்லறை இன்றும் இருக்கிறது. நீலகண்டருக்கும் டிலனாய்க்கும் அலுவல் வழியாக நட்பு ஏற்பட்டது. குடும்பத்தில் அடுத்தடுத்து நேர்ந்த இழப்புகளால் நீலகண்டர் மனம் தளர்ந்திருந்தபோது, விவிலியத்தில் வரும் யோபுவின் கதையை டிலனாய் அவருக்குச் சொன்னார் என்பது மரபு.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். பக்தி நூல்கள் யோபுவைப் பொறுமையின் சின்னமாக மட்டுமே காட்டிச் சென்றுவிடுகின்றன. யோபுவின் கதையில் அதைவிடக் கூர்மையான ஒன்று உள்ளது. செல்வத்தையும் மக்களையும் உடல்நலத்தையும் இழந்து சாம்பலில் அமர்ந்திருக்கும் அந்த மனிதரிடம் நண்பர்கள் வந்து, நீ செய்த பாவமே இதற்குக் காரணம் என்று மீண்டும் மீண்டும் சொல்கிறார்கள். யோபு அதை ஏற்க மறுக்கிறார். கதையின் முடிவில் கடவுளும் நண்பர்களின் பேச்சைத் தள்ளிவிடுகிறார். ஒருவரின் துன்பம் அவருடைய வினையின் பயன் என்ற கோட்பாட்டின்மேல்தான் திருவிதாங்கூரின் சாதியடுக்கு முழுவதும் நின்றது. புலையர் புலையராகப் பிறந்ததற்கு முற்பிறவி காரணம் என்றால், அவரை வயலில் இறங்கி ஒளியச் சொல்பவருக்கு எந்தக் குற்றவுணர்வும் தேவையில்லை. யோபுவின் கதை அந்தக் கணக்கைக் கலைக்கிறது. நீலகண்டர் தம் சொந்த இழப்புக்கு ஆறுதலாகவே அதைக் கேட்டிருக்கக்கூடும். ஆனால் துன்பம் தண்டனை அல்ல என்று தம்மளவில் ஒப்புக்கொண்டவர், அடிமையின் துன்பத்தையும் தண்டனை என்று சொல்ல முடியாத நிலைக்கு வந்து சேர்கிறார். அவருடைய பிற்கால வாழ்க்கையை இந்தப் புள்ளியிலிருந்தே நாங்கள் புரிந்துகொள்கிறோம்.

திருமுழுக்குப் பெற அவர் விரும்பினார். விருப்பத்துக்கும் செயலுக்கும் இடையே அச்சம் நின்றது. மன்னரின் அலுவலர் ஒருவர் சமயம் மாறுவது அரசின் பார்வையில் தனிமனித விவகாரம் அன்று. அவரது பதவியும் சொத்தும் போகும் என்பதோடு, நாட்டின் பிற கிறிஸ்தவர்கள்மீதும் சினம் பாயக்கூடும். ஆகவே அவர் திருவிதாங்கூருக்குள் திருமுழுக்குப் பெறவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து, மன்னரின் கை எட்டாத திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்துக்குச் சென்றார். அங்கிருந்த இயேசு சபைக் குரு ஜோவான்னி பத்திஸ்தா புத்தாரியும் உடனே இசைந்துவிடவில்லை. வந்தவரின் உறுதியைச் சோதித்துப் பார்த்தார். 1745-ஆம் ஆண்டு மே மாதத்தில் நீலகண்டர் லாசருஸ் என்ற பெயரைப் பெற்றார். கடவுளின் உதவி என்று பொருள்படும் அப்பெயரின் தமிழ் வடிவமே தேவசகாயம்.

எல்லை தாண்டிச் சென்று திருமுழுக்குப் பெற்றதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லமாட்டோம். இதைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. புனிதரின் வாழ்க்கையிலும் ஒரு மறைவான காலம் இருந்தது. நம்பிக்கையைப் பாதுகாப்பான இடத்தில் ஏற்று, வீட்டுக்குத் திரும்பி, யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக்கூடாது என்று கணக்கிட்ட நாட்கள் அவருக்கும் இருந்திருக்க வேண்டும். முதலில் அவர் சொன்னது மனைவி பார்கவியிடம். பார்கவி உறவினரின் பகையை எண்ணித் தயங்கினார். பின்னர் அவரும் வடக்கன்குளம் சென்று திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார்.

அதன் பிறகான நான்கு ஆண்டுகளில் தேவசகாயம் மறைவிலிருந்து வெளியே வந்தார். எப்படி வந்தார் என்பதே நமக்கு முக்கியம். அவர் சிலுவையை ஏந்தித் தெருவில் ஊர்வலம் போகவில்லை. சாதியில் தமக்குக் கீழே வைக்கப்பட்டிருந்தவர்களோடு நெருங்கிப் பழகத் தொடங்கினார். எல்லோரும் சமம் என்று பேசினார். ஆதிக்கச் சாதியினரின் பகையைத் தூண்டியது சாதி வேற்றுமை கடந்த இந்தச் சமத்துவப் பேச்சும் நடத்தையுமே என்று வத்திக்கான் வெளியிட்ட அவரது வாழ்க்கைக் குறிப்பும் கூறுகிறது. திருவிதாங்கூரில் கிறிஸ்தவர்கள் புதியவர்கள் அல்லர். கடற்கரை முழுவதும் பிரான்சிஸ் சவேரியார் காலத்திலிருந்தே கத்தோலிக்கர் வாழ்ந்தனர். சிரியன் கிறிஸ்தவர்கள் அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே அரசர்களிடம் மதிப்புப் பெற்றிருந்தனர். படைத்தலைவர் டிலனாயே கிறிஸ்தவர்தான். ஒருவர் கிறிஸ்துவை வணங்குவது மட்டுமே அரண்மனைக்குச் சிக்கலாக இருந்திருந்தால், அந்த அரண்மனையே இயங்கியிருக்காது. நாயர் ஒருவர் தமக்கு விதிக்கப்பட்ட தூரத்தைக் காக்க மறுத்ததுதான் சிக்கல். அவர் கடந்த அச்சத்தைச் சமய அச்சம் என்று மட்டும் அழைத்தால் பாதி உண்மை விடுபட்டுப் போகும். சாதியை இழந்துவிடுவோமோ என்பதே ஆதிக்கச் சாதியில் பிறந்தவரின் ஆதி அச்சம்.

1749 பிப்ரவரியில் அவர் கைது செய்யப்பட்டார். தெய்வங்களை அவமதித்தார் என்பதும் அரசுக்குத் துரோகம் செய்தார் என்பதும் குற்றச்சாட்டுகள். வழக்கறிஞர்கள் என்ற முறையில் இந்த இரண்டாவது குற்றச்சாட்டு எங்களுக்கு மிகப் பழக்கமானது. நடத்தையைத் தண்டிக்க விரும்பி, அந்த நடத்தைக்குப் பெயர் சொல்ல விரும்பாத ஆட்சிகள் எக்காலத்திலும் தேச விரோதம் என்ற சொல்லையே எடுக்கின்றன. அரச துரோகம் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களிடம் நாங்கள் கேட்க விரும்புவது ஒன்றுதான்: துரோகிக்கு ஏன் எருமை?

மரபு சொல்லும் தண்டனை முறையைக் கவனியுங்கள். கைகளைப் பின்னால் கட்டி, எருக்கம்பூ மாலை சூட்டி, எருமையின்மேல் பின்னோக்கி அமர்த்தி, ஊர் ஊராக அவரைக் கொண்டு சென்றார்கள். நாள்தோறும் அடித்தார்கள், புண்களில் மிளகாய்ப் பொடியைத் தடவினார்கள். வெயிலில் அமர்த்தினார்கள், குடிக்க அழுகிய நீரைக் கொடுத்தார்கள். அரசியல் இரகசியத்தை விற்ற ஒருவரை ஒரே நாளில் கொன்றுவிடலாம், அல்லது ஒரு கோட்டைக்குள் அடைத்து மறந்துவிடலாம். ஊர்வலம் பார்வையாளர்களுக்காக நடத்தப்படுவது. நாயர் ஒருவரின் உடல்மீது இழிவைப் பூசி, சாலையோரத்தில் நின்ற ஒவ்வொரு சாதிக்கும் ஒரு பாடம் சொன்னார்கள். தலித் உடல்கள்மீது இதே எருக்கும் இதே ஊர்வலமும் எத்தனை முறை நிகழ்ந்துள்ளன என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. தேவசகாயத்தை இறக்க நினைத்தவர்கள், இறக்குவதற்கான கருவிகளை நம்மிடம் பயன்படுத்தி வந்த கருவிகளிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள்.

அவர் சிறையில் இருந்தபோதுதான், 1750 ஜனவரியில், மார்த்தாண்ட வர்மா தம் நாட்டை முழுவதுமாக ஸ்ரீ பத்மநாப சுவாமிக்கு அர்ப்பணித்தார். திருப்படிதானம் என்று வரலாற்றில் பெயர்பெற்ற அந்நிகழ்வுக்குப் பின் திருவிதாங்கூர் மன்னர்கள் பத்மநாபதாசர்களாக, இறைவனின் சார்பில் ஆள்பவர்களாக, தம்மை அறிவித்துக்கொண்டனர். அரசை எதிர்ப்பது இனித் தெய்வ நிந்தனையாகவும் ஆயிற்று. சமயக் குற்றம் எது, அரசியல் குற்றம் எது என்று பிரிக்க முயலும் இன்றைய விவாதங்கள் இந்த ஆண்டை மறந்துவிடுகின்றன. அரசும் ஆலயமும் ஒன்றாகிவிட்ட நாட்டில் அந்தப் பிரிவுக்கு இடமில்லை.

பெருவிளையில் ஒரு வேப்பமரத்தில் அவரை மாதக்கணக்கில் கட்டி வைத்தார்கள். அங்கேதான் தண்டனை திசைமாறியது. அவரைப் பார்க்க மக்கள் வரத் தொடங்கினார்கள். இழிவுபடுத்தக் கட்டி வைத்த மரம் மக்கள் கூடும் இடமாயிற்று. புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் அவர் முழங்கையால் மோதிய பாறையிலிருந்து நீர் சுரந்தது என்ற கதை இன்றும் அங்குச் செல்வோருக்குச் சொல்லப்படுகிறது. அற்புதங்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலை அன்று. ஆனால் சிறைப்பட்ட ஒருவருக்கு யாரும் நீர் தராத இடத்தில், பாறையாவது தந்தது என்று மக்கள் சொல்லி வந்திருக்கிறார்கள் என்பது பொதுக்கிணறு மறுக்கப்பட்டவர்களின் காதில் வேறுவிதமாக ஒலிக்கும்.

இந்த மூன்று ஆண்டுகளில் அவருக்குத் திரும்பிச் செல்லும் வழி திறந்தே இருந்தது. பழைய சமயத்துக்கும் பழைய தூரத்துக்கும் திரும்பினால் பதவி காத்திருந்தது. ஒவ்வொரு நாளும் அதை மறுக்க வேண்டியிருந்தது. துணிவு என்பதை ஒரு கணத்தில் நிகழும் செயலாகவே நாம் கற்பனை செய்கிறோம். தேவசகாயத்தின் துணிவு ஏறத்தாழ ஆயிரம் நாட்கள் நீண்டது. அவற்றுள் பல நாட்களில் யாரும் பார்க்கவில்லை, எதுவும் நிகழவில்லை.

கூட்டம் பெருகவே, அவரை எல்லையை நோக்கிக் கொண்டு சென்றார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் வீரர்கள் அவரைச் சுட்டுக் கொன்றனர். விசாரணையோ வெளிப்படையான தீர்ப்போ இல்லாத, மலைமேல் இரவில் நடந்த கொலை என்றே மரபு அதைச் சொல்கிறது. ஊர் ஊராகக் காட்டிய உடலை இறுதியில் யாருக்கும் தெரியாமல் அழிக்க வேண்டியிருந்தது. உடலைக் காட்டுக்குள் எறிந்தனர். எஞ்சிய எலும்புகளைக் கிறிஸ்தவர்கள் திரட்டிக் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தனர். கொச்சி ஆயர் 1756-இல் உரோமைக்கு அனுப்பிய அறிக்கையில் இம்மரணம் இடம்பெற்றது. அங்கிருந்து புனிதர் பட்டம் வரை 266 ஆண்டுகள் ஆயின.

ஞானப்பூவைப் பற்றி வரலாற்று நூல்கள் ஒன்றிரண்டு வரிகளோடு நிறுத்திக்கொள்கின்றன. அவர் உறவினரிடம் திரும்பவில்லை. எல்லை கடந்து வடக்கன்குளத்துக்குச் சென்று, அங்கேயே பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்து 1766-இல் மறைந்தார். கணவனின் அச்சம் மூன்று ஆண்டுகளில் முடிந்தது. பிறந்த வீடும் சாதியும் இல்லாத அயலூரில், கைம்பெண்ணாக, வெளிப்படையான கிறிஸ்தவராக வாழ்ந்த இந்தப் பெண்ணின் பதினான்கு ஆண்டுகளைப் பற்றி யாரேனும் ஓர் ஆய்வு மாணவி எழுத வேண்டும் என்று நாங்கள் விரும்புகிறோம்.

அந்த வடக்கன்குளத்துக்கே இப்போது திரும்ப வேண்டும். சாதியை உதறிய தேவசகாயம் கிறிஸ்தவரான அதே ஊரில், கிறிஸ்தவர்கள் சாதியை ஆலயத்துக்குள்ளேயே கட்டி எழுப்பினார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே எழுந்த ஆலயத்தில் வெள்ளாளர் முதலானோர் ஒரு பகுதியிலும் நாடார் முதலானோர் மறு பகுதியிலும் நின்று, ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே பீடத்தைப் பார்க்கும்படி இரு கிளைகளாகக் கட்டடமே பிரிந்திருந்தது. நடுவில் சுவர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கௌசானல் அடிகளார் அதை அகற்றியபோது, பிள்ளை, முதலியார் சாதிக் கத்தோலிக்கர்கள் தங்கள் பகுதி தங்களுக்கே உரியது என்று நீதிமன்றம் சென்றார்கள். மைக்கேல் பிள்ளை எதிர் பார்த்தே என்ற அந்த வழக்கு 1917-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் உள்ளது. ஆலயத்துக்குள் சாதியின் பெயரால் தனியிடம் கோரும் உரிமையைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. சட்டக் கல்லூரி மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டிய தீர்ப்பு இது. தங்கள் முன்னோரின் ஊரில் திருமுழுக்குப் பெற்ற மறைசாட்சியைக் கொண்டாடிய அதே மக்கள், அவர் எதை மறுத்து இறந்தாரோ அதையே உரிமையாகக் கேட்டு வழக்காடினார்கள்.

அவரது பெயரிலும் சாதி நீண்ட காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. தேவசகாயம் பிள்ளை என்றே ஆவணங்களிலும் மன்றாட்டுகளிலும் வழங்கினர். சாதியைக் கடந்ததால் கொல்லப்பட்டவரைச் சாதிப் பெயரால் அழைப்பது அவருக்கு அவமதிப்பு என்று, ஓய்வுபெற்ற ஆட்சிப் பணி அதிகாரி ஒருவர் உட்படக் கிறிஸ்தவர் சிலர் வத்திக்கானுக்கு எழுதினார்கள். அதன் பிறகே அப்பின்னொட்டு நீக்கப்பட்டு, 2022-இல் தேவசகாயம் என்ற பெயரில் அவர் புனிதரானார். இது சிறு வெற்றி அன்று. கல்லறைத் தோட்டங்களின் சாதிச் சுவர்களும், தேர் வராத தலித் தெருக்களும், ஆயர் பதவிகளில் தலித்துகளின் அருமையும் அப்படியே இருக்க, பெயரில் மட்டும் நடந்த வெற்றி என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்னொருவரின் பெயரையும் இங்கே சொல்லாமல் விட இயலாது. காற்றாடிமலையிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத மயிலாடியில், தேவசகாயம் கொல்லப்பட்டு அரை நூற்றாண்டு கழிவதற்குள், சாம்பவர் சமூகத்தைச் சேர்ந்த மகாராசன் என்பவர் தஞ்சாவூரில் திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கமாக ஊர் திரும்பினார். அவருக்கு இழக்கப் பதவியோ அரண்மனை நட்போ இல்லை. ஊரின் எதிர்ப்புக்கு நடுவே தம் நம்பிக்கையை வெளிப்படையாக வாழ்ந்தார். மிஷனரி ரிங்கல்தௌபேயை அழைத்து வரக் காரணமானார். 1809-இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. சீர்திருத்தத் திருச்சபையில் புனிதர் பட்டம் கிடையாது. ஆனால் தமிழ்நாட்டின் பொது நினைவிலும் இவருக்கு இடம் கிடையாது. மேலிருந்து இறங்கி வந்தவரின் துணிவு உடனே கண்ணில் படுகிறது. கீழே வைக்கப்பட்டவர் நிமிர்ந்து நின்றது துணிவாகவே எண்ணப்படுவதில்லை.

எங்களிடம் வரும் இளைஞர்களின் தாழ்ந்த குரல் இந்த இடத்தில்தான் பொருள்படுகிறது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. கிறிஸ்தவ, இசுலாமியத் தலித்துகள் வெளியே நிறுத்தப்பட்டனர். சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்த ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் சூசை, இந்துத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தமக்கு ஏன் இல்லை என்று கேட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றார். மதம் மாறிய பின்னும் அதே அளவு சமூக இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 1985-இல் அவருடைய மனு தள்ளுபடி செய்யப்பட்டது. செருப்புத் தைக்கும் இடத்தில் அமர்ந்திருந்தவரிடம் கேட்கப்பட்ட சான்று அது.

அன்று முதல் வழக்குகள் வீட்டுச் சுவர்களுக்குள் நுழைந்தன. இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு பெண் மருத்துவரின் மருத்துவமனைச் சுவரில் சிலுவை தொங்கியதைக் கண்ட அதிகாரிகள் அவருடைய சாதிச் சான்றிதழை இரத்து செய்தனர். ஆலயத்துக்குச் செல்வதாலோ சுவரில் சிலுவை இருப்பதாலோ ஒருவர் தம் பழைய சமயத்தை விட்டுவிட்டதாகக் கொள்ள முடியாது என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் திருத்தியது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், அவருடைய திருமுழுக்கையும் ஆலயப் பழக்கத்தையும் சுட்டிக்காட்டி, நம்பிக்கையின்றிச் சலுகைக்காக மட்டும் சமய அடையாளத்தை மாற்றிச் சொல்வது அரசமைப்பின்மீதான மோசடி என்றது. 2025-இல் ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம், பத்தாண்டுகளாகப் போதகராகப் பணியாற்றிய ஒருவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோர முடியாது என்று கூறி வழக்கையே இரத்து செய்தது. அவரைத் தாக்கியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் அவரது சாதியை மறந்தார்களா என்ற கேள்வி எழவே இல்லை.

தலித் கிறிஸ்தவர்களைப் பார்த்து இரட்டை வேடம் போடுகிறார்கள் என்று ஏளனம் செய்வோர் இரு தரப்பிலும் உள்ளனர். நம்பிக்கை இருந்தால் வெளியே சொல் என்று சபை மேடையிலிருந்து சில போதகர்கள் சொல்கிறார்கள். வெளியே சொன்னால் சான்றிதழை எடுத்துவிடுவோம் என்று வட்டாட்சியர் அலுவலகம் சொல்கிறது. தேவசகாயத்தின் படத்தைக் காட்டி முதல் கூட்டத்தார் துணிவு கேட்கும்போது, அவர்கள் மறந்துவிடும் விவரம் ஒன்று உள்ளது. தேவசகாயத்தின் துணிவுக்கு விலை அவருடைய சொந்த உயிர். ஒரு தலித் மாணவி தன் திருமுழுக்குப் பெயரைப் பள்ளிப் பதிவேட்டில் எழுதினால், அதன் விலையை அவளுடைய தம்பியின் கல்லூரி இடமும், வன்முறைக்குப் பின் காவல் நிலையத்தில் பதிவாக வேண்டிய சட்டப்பிரிவும் சேர்ந்து கொடுக்கின்றன. அவளிடம் நாங்கள் மறைசாட்சியம் கேட்கமாட்டோம். வழக்குக்கு வருபவர்களிடம், உங்களுக்கு எது பாதுகாப்போ அதைச் செய்யுங்கள் என்றே சொல்லி வந்திருக்கிறோம். அப்படிச் சொல்ல நேர்வதில் உள்ள வெட்கம் சட்டத்துக்கு உரியது, அவர்களுக்கு உரியது அன்று.

ஆனாலும் சிலர் சொல்லிவிடுகிறார்கள். இனி மறைக்கமாட்டேன், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் கிடைப்பது போதும் என்று முடிவெடுத்து, கல்லூரி விண்ணப்பத்தில் கிறிஸ்தவர் என்று எழுதி, அதன் நகலை எங்களிடம் காட்டிய ஒரு மாணவரை நாங்கள் அறிவோம். அவரிடம் ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. அம்மாவின் பெயரை இனிமேல் முழுதாக எழுதலாம் என்று மட்டும் அவரே சொன்னார்.

மூன்றாம் பத்தியை எதிர்த்து 2004-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடரப்பட்ட வழக்கு இருபது ஆண்டுகளைக் கடந்தது. அதை நீக்கலாம் என்று 2007-இல் இரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. அதே கேள்வியை மீண்டும் ஆராய 2022 அக்டோபரில், தேவசகாயம் புனிதராகி ஐந்து மாதங்கள் ஆனபோது, கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைக்கப்பட்டது.